18ஆம் மாதத்தில் அறுவை, 24ஆம் வயதில் விளைவு: பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனி ஒருவர் அல்லர். ஒரே பாதையில் வந்த பலருடைய மருத்துவ விவரங்களைச் சேர்த்துப் பாடத்துக்காக அமைத்த நிகழ்வு இது. மேற்கோளாக வரும் ஆய்வுகளும் ஆண்டுகளும் எண்களும் ஏற்கெனவே வெளியானவை. மகளிர் மருத்துவர், குழந்தை அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், செவிலியர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், இந்தக் குறைபாட்டோடு வளர்ந்த பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் படித்தால் புரியும்படியே சொற்கள் அமைந்துள்ளன.

வந்த நோக்கம்

வயது 24. வணிகவியல் பட்டதாரி, கணக்குப் பிரிவில் வேலை. அம்மாவுடன் வந்தார். தாய்மாமன் மகனோடு நிச்சயம் முடிந்து, நாலு மாதத்தில் கல்யாணம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "இவளுக்குச் சின்ன வயசுல ஒரு ஆபரேஷன் நடந்துச்சு டாக்டர். இப்ப எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நிம்மதி."

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லித் தனியாகப் பேசியபோது மகள் சொன்னது வேறு. "ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. ஆனா தழும்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

கேட்டபின் வந்த தொந்தரவுகள்: மாதவிலக்கு 40 முதல் 70 நாளுக்கு ஒருமுறை. வரும்போது கடுமையான வலி, உதிரம் சொட்டுச் சொட்டாக எட்டு ஒன்பது நாள் வரை. சிறுநீர் கழித்து எழுந்தபின் உள்ளாடை நனையும் அளவுக்குக் கசிவு. கடந்த ஓராண்டில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. முகப்பரு, மோவாயில் முடி. உடலுறவு அனுபவம் இல்லை. டாம்பன் (மாதவிலக்கின்போது யோனிக்குள் வைக்கும் பஞ்சு) பயன்படுத்தியதில்லை.

கடைசி விவரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மேலை நாட்டு ஆய்வுகளில் டாம்பன் வைக்க முடிகிறதா என்பது யோனி வாயின் அளவைக் காட்டும் அடையாளங்களில் ஒன்று. அங்கே 15, 16 வயதிலேயே குறுக்கம் வெளிப்பட்டுவிடும். நம் ஊரில் நாப்கின்தான் வழக்கம். அதனால் அதே குறுக்கம் கல்யாணத்துக்கு முந்தைய மாதத்திலோ முதலிரவிலோதான் தெரியவருகிறது. யோசிக்க நேரமே இல்லாத கட்டத்தில் முடிவெடுக்கச் சொல்லி அந்தப் பெண்ணை நிறுத்துகிறோம்.

பிறப்பு முதல் இன்று வரை

நிறைமாதப் பிரசவம், எடை 2.8 கிலோ. பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். பிறந்தபோது ஆண்குறி போன்ற உறுப்பு இருந்தது, அதன் அடியில் ஒரே ஒரு துளை, விரைகள் கையில் தட்டுப்படவில்லை. விதை இறங்காத ஆண் குழந்தை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். 12ஆம் நாள் வாந்தி, பால் குடிக்காமை, எடை 2.3 கிலோவாக இறக்கம். சோடியம் 118, பொட்டாசியம் 7.1. உப்பிழப்பு நெருக்கடி. உப்புநீர் ஏற்றி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டபின் பிழைத்தது. 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் (இந்தக் குறைபாட்டில் இரத்தத்தில் தேங்கும் மூலப்பொருள்) பலமடங்கு உயர்வு, குரோமோசோம் பெண்ணுக்குரிய 46 எக்ஸ்எக்ஸ், ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிந்தது.

இதுதான் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. குறைபாடு 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதியில். ஆறாம் குரோமோசோமில் இருக்கும் அதற்கான மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியால் கார்ட்டிசோலையும், உடம்பில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனையும் போதிய அளவு செய்ய முடியாது. மூலப்பொருள் தேங்கி ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். பெண் கரு அந்த ஹார்மோனில் மிதந்தபடியே வளர்வதால் வெளியுறுப்பு ஆண் சாயலில் அமைகிறது. கருப்பையும் சினைப்பைகளும் இயல்பாகவே இருக்கும். இந்தச் சாயலின் அளவை ஐந்து படிகளாகப் பிரித்தவர் சூரிச்சைச் சேர்ந்த ஆந்திரயா பிராடர், 1954இல். இந்தக் குழந்தை நான்காம் படி: கிளிட்டோரிஸ் (யோனி வாய்க்கு மேலே இருக்கும் உணர்வு மிகுந்த சிறு உறுப்பு) பெரிது, லேபியா (யோனி வாயின் இருபுறத்து) மடிப்புகள் ஒட்டியிருக்கும், சிறுநீர்ப்புழையும் யோனிக்குழாயும் உள்ளேயே ஒன்றுகூடி ஒரே பொதுக்குழாயாக வெளியே திறக்கும்.

நம் மாநிலத்துக்கு இது அரிய நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், மொத்தத்தில் 5,762 குழந்தைக்கு ஒன்று என்றும், சென்னை மையத்தில் 2,036க்கு ஒன்று என்றும் வந்தது. சென்னைக் கணக்கு இவ்வளவு உயர்ந்திருப்பதில் உறவுமுறைத் திருமணத்துக்குப் பங்கு உண்டு என்பதே பொதுவான கருத்து.

18 மாதத்தில் அறுவை. பழைய மருத்துவமனையின் பதிவேட்டில் கிடைத்தவை மொத்தம் நான்கு வரி. ஒரே அமர்வில் மூன்று வேலைகள் நடந்திருந்தன. கிளிட்டோரிஸின் உடற்பகுதியை வெட்டியெடுத்து, நுனியை மட்டும் நரம்பு, இரத்தக்குழாய்க் கற்றையோடு விட்டுக் கீழே இறக்கித் தைத்தது. லேபியா அமைத்தது. பெரினியத் தோலில் (யோனி வாய்க்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) மடல், அதாவது ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியபடியே பிரிக்கும் தோல் பட்டை, எடுத்து உள்ளே திருப்பி யோனி வாயை அகலப்படுத்தியது. மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் மயக்கம் கொடுத்து விரித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் அவருக்கு நினைவிருக்கிறது. என்ன செய்தார்கள் என்பது நினைவில் இல்லை. பலர் சுற்றி நின்று குனிந்து பார்த்தது நினைவில் இருக்கிறது.

13 வயதில் விடுதியில் சேர்ந்தபின் மாத்திரை ஒழுங்கு போய்விட்டது. பரு, குரல் கனத்தல், கிளிட்டோரிஸ் மீண்டும் சற்றே பெருத்தல். முதல் மாதவிலக்கு 15இல். 16 வயதில் "இனி உப்பு மாத்திரை தேவைப்படாது" என்று யாரோ சொல்ல ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் நின்றது. வந்தபோது எடுத்துக்கொண்டிருந்தது காலையில் பிரெட்னிசோலோன் 5 மி.கி. மட்டும், அதுவும் வாரத்தில் பாதி நாள். தட்டில் சாதத்தோடு தனியாக உப்பை வைத்துச் சாப்பிடுவதும் ஊறுகாயைத் தனியே தின்பதும் வீட்டில் கேலிப்பேச்சு. அது ஆசை அன்று, உடம்பு உப்பை இழந்துகொண்டிருந்ததன் அறிகுறி.

பரிசோதனை

முதல் வருகையில் உறுப்பைப் பரிசோதிக்கவில்லை. மறந்தது அல்ல, வேண்டுமென்றே தள்ளிவைத்தது. குழந்தையிலிருந்து அனுமதி கேட்காமல் பார்க்கப்பட்ட உடம்பு அது. என்ன நோய், என்ன அறுவை, ஏன் மறைத்தார்கள் என்பதை முதலில் அவரிடம் சொல்லி, பழைய குறிப்பின் நகலை அவர் கையில் கொடுத்தபின் ஒரு வாரம் இடைவெளி விடப்பட்டது. அம்மாவை உள்ளே அழைத்துப் பேசியதும் மகளின் சம்மதத்தோடுதான். அம்மாவின் விளக்கம் எளிமையானது: "யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவளுக்கே சொல்லாதீங்கன்னு அப்ப பெரிய டாக்டரே சொன்னாரு." அந்தக் காலத்து மருத்துவம் பெற்றோர்மீது ஏற்றிவைத்த சுமை இது. இதற்காக அம்மாவைக் குறை சொல்வது நியாயமாகாது.

உயரம் 148 செ.மீ., எடை 61 கிலோ, இரத்த அழுத்தம் 100/64. சோடியம் 133, பொட்டாசியம் 5.2, ரெனின் (உடம்பில் உப்பு குறையும்போது உயர்வது) நன்றாக உயர்ந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் 96 நானோகிராம்/டெ.லி., 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 68 நானோகிராம்/மி.லி.

இரண்டாம் வருகையில் பெண் மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், வேறு யாரும் இல்லை. அவர் கையில் ஒரு கண்ணாடி. கண்டவை:

கிளிட்டோரிஸ் நுனி சிறுத்து, தழும்பேறிய தோல்மூடியின் அடியில் இருந்தது. தையல் வரியில் 1 செ.மீ. அளவில் அசையும் கட்டி. அறுவையின்போது தோல் துணுக்கு உள்ளே புதைந்து உருவாகும் நீர்க்கட்டி வகை. மென்மையான பஞ்சின் தொடுகை நுனியில் உணரப்படவில்லை, தடித்த நைலான் இழையின் அழுத்தம் உணரப்பட்டது. லேபியாவிலும் உள்தொடையிலும் உணர்வு இயல்பு. யோனி வாயிலிருந்து 1 செ.மீ. உள்ளே வளையம்போல் இறுகிய தழும்பு. அதற்குள் ஹேகார் 6, அதாவது 6 மி.மீ. தடிமனுள்ள கோல்தான் போயிற்று. சிறுநீர்ப்புழையின் வாய் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று உள்ளே, அந்த வளையத்துக்கு அருகில். சிறுநீர் கழிக்கும்போது ஒரு பகுதி உள்ளே தேங்கி, எழுந்து நடக்கும்போது கசிவதற்கும் அடிக்கடி தொற்று வருவதற்கும் இதுவே காரணம்.

எம்ஆர்ஐயில் கருப்பையும் சினைப்பைகளும் இயல்பு. வளையத்துக்கு மேலே யோனிக்குழாய் 6.5 செ.மீ. நீளம், நல்ல அகலம், உள்ளே கொஞ்சம் பழைய உதிரம் தேங்கியிருந்தது. மேல்பகுதி நன்றாக இருக்கிறது, கெட்டது வாயில் மட்டும். சிகிச்சை முடிவு முழுவதும் இந்த ஒரு விவரத்தின் மேல்தான் நின்றது.

வளையம் ஏன் விழுந்தது

குழந்தைக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லை. திசு மெல்லியது, யோனிக்குழாய் சுண்டுவிரல் கனம்கூட இராது. அந்த அளவில் தோல் மடலை வைத்து வட்டமாகத் தைத்தால் தையல் வரியும் வட்டம். தழும்பு சுருங்குவது இயற்கை. வட்டத் தழும்பு சுருங்கினால் சுருக்குப் பைபோல வாய் மூடும். சுற்றியுள்ள உடம்பு அடுத்த 15 ஆண்டில் பலமடங்கு வளர்கிறது, தழும்பு வளர்வதில்லை. அறுவை செய்தவர் கைத்திறன் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. மிகத் தேர்ந்த கைகளிலும் இது நடக்கிறது.

லண்டனில் சாரா கிரைட்டனும் அவருடைய குழுவினரும் 2001இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கணக்குக் கொடுத்தது. பல்வேறு காரணங்களால் குழந்தைப் பருவத்தில் பெண்ணுறுப்பு அறுவை செய்யப்பட்ட 44 பேரைப் பதின்பருவத்தில் பரிசோதித்தார்கள். தோற்றம், டாம்பன், உடலுறவு ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்காக மேலும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 43 பேர். ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட 26 அறுவைகளில் 23க்கு மறுபடியும் பெரிய அறுவை தேவைப்பட்டது. குழந்தையிலேயே முடித்துவிட்டால் பின்னால் தொந்தரவு இராது என்பதே பெற்றோருக்குச் சொல்லப்பட்டுவந்த முதன்மைக் காரணம். 26இல் 23 என்ற கணக்கின் முன் அந்தக் காரணம் நிற்காது.

யோனி வாயைப் பொறுத்தவரை இந்த நிகழ்வு ஆய்வின் தீர்ப்பு உறுதியானது: உதிரம் வெளியேறத் தடையோ திரும்பத் திரும்ப வரும் தொற்றோ இல்லாத குழந்தைக்கு அந்த உறுப்பால் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. பூப்புக்குப் பின் ஈஸ்ட்ரோஜனால் திசு தடித்து, இரத்த ஓட்டம் பெருகி, பெண்ணும் தன் விருப்பத்தைச் சொல்லும் வயதில் செய்தால் அறுவை எளிது, தழும்பும் குறைவு. முதல்முறையாகத் தொடும் திசு வேறு, ஒருமுறை கிழித்துத் தைத்த திசு வேறு.

கிளிட்டோரிஸ் கதை வேறு விதம். அங்கே திருத்த வழியே இல்லை.

நரம்பு

1960கள் வரை உறுப்பை முழுதாக வெட்டியெறிவதே பல இடங்களில் வழக்கம். பிறகு வெட்டாமல் எலும்படியில் புதைத்தார்கள். ஆண் ஹார்மோன் கட்டுக்கு வெளியே போகும்போதெல்லாம் புதைத்தது விறைத்து வலித்தது. 1970கள் முதல், விறைக்கும் உடற்பகுதியை நீக்கி, நுனியை நரம்புக் கற்றையோடு காப்பாற்றும் முறை பரவியது. இந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். 1990களின் கடைசியில் லாரன்ஸ் பாஸ்கின் குழு நடத்திய உடற்கூறு ஆய்வு ஒரு புது விவரத்தைக் காட்டியது: நரம்புகள் மேற்புறத்தில் இரண்டு கம்பிபோல மட்டும் ஓடுவதில்லை. கடிகார முகத்தில் 11 மணி, 1 மணி இடங்களில் தடித்திருந்து, அங்கிருந்து விசிறியாகப் பக்கவாட்டில் பரவி அடிப்புறம் நெருங்கும்வரை செல்கின்றன. ஆகவே மேற்புறக் கற்றையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எழுதிய பழைய குறிப்புகளிலும் பக்கவாட்டு நரம்புகள் வெட்டுப்பட்டிருக்க இடம் உண்டு. அதன்பின்தான் அடிப்புறமாக நுழையும் முறை வலுப்பெற்றது.

விளைவு என்ன? அதே லண்டன் குழுவின் கேத்தரின் மின்ட்டோ 2003இல் வெளியிட்ட ஆய்வில் உடலுறவு வாழ்க்கை உடைய 28 பேர் இருந்தனர். கிளிட்டோரிஸ் அறுவை நடந்த 18 பேரில் 7 பேருக்கு உச்சநிலை எட்டவே முடியவில்லை, அறுவை நடக்காத 10 பேரில் ஒருவருக்கும் அந்தக் குறை இல்லை. 2008இல் நவோமி கிரவுச் குழு இந்தக் குறைபாடுடைய 28 பெண்களுக்கு வெப்பம், குளிர், அதிர்வு உணர்வைக் கருவி வைத்து அளந்தது. அறுவை பட்ட இடத்தில் உணர்வு குன்றியிருந்தது, கத்தி படாத யோனி மேல்பகுதியில் இயல்பாக இருந்தது. சுவீடன் ஆய்வுகள் இன்னொரு பக்கத்தையும் காட்டின: மரபணுப் பழுது எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு விளைவும் மோசம். அவர்களுக்கே அறுவையும் பெரியது, மருந்தும் அதிகம் என்பதால் எது எதனால் என்று பிரித்தறிவது எளிதல்ல.

இந்த எண்களை மறுப்போர் இரண்டு வாதம் வைப்பார்கள். ஒன்று, சிக்கல் உள்ளவர்தான் மருத்துவமனைக்கு வருவார், நலமாக இருப்பவர் கணக்கில் வருவதில்லை. நியாயமான வாதம். இரண்டு, அவையெல்லாம் பழைய முறை, இப்போது கை தேர்ந்துவிட்டது. இதில் ஒரு சுழல் இருக்கிறது. 18 மாதக் குழந்தைக்குச் செய்த அறுவையின் பலன் தெரிய 20 ஆண்டு வேண்டும். அதற்குள் முறை மாறிவிடும். அடுத்த தலைமுறைக்கும் அதே பதில் காத்திருக்கும். நரம்பைக் காப்பதாகச் சொல்லும் எந்த முறையும் 20 வயதுப் பெண்ணின் வாய்மொழியால்தான் நிரூபணமாக முடியும், அறுவை மேசையில் எடுத்த படத்தால் அல்ல.

அறுவை நடந்த பெண்கள் எல்லோரும் அதை வெறுக்கிறார்கள் என்று எழுதுவதும் பொய்யாகும். ஐரோப்பாவில் ஆறு நாடுகளின் 14 மையங்களில் நடந்த டிஎஸ்டி-லைஃப் ஆய்வில், இந்தக் குறைபாடுடைய பெண்களில் பெரும்பான்மையோர் குழந்தைப் பருவமே அறுவைக்கு ஏற்றது என்று சொன்னார்கள். வேறு வகை பாலின வளர்ச்சி வேறுபாடு உள்ளவர்களின் பதில் அப்படி இல்லை. தன் உடம்பு எப்படி வந்ததோ அந்த வழியைத் தவிர வேறு வழியை வாழ்ந்து பார்க்காதவர்களின் பதில் அது என்பதையும் கூடவே நினைக்க வேண்டும். ஆனாலும் அவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட உரிமை இல்லை.

சிகிச்சை

முதலில் மருந்து. ஹைட்ரோகார்ட்டிசோன் காலை எழுந்ததும் 10 மி.கி., மதியம் 5, மாலை 5. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தினமும் 100 மைக்ரோகிராம். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரட்டிப்பு, 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மும்மடங்கு. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி. ஊசி தசையில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனை. இதை ஓர் அட்டையில் தமிழில் எழுதிப் பணப்பையில் வைக்கச் சொன்னோம். மூன்று மாதத்தில் சோடியம் 138, டெஸ்டோஸ்டிரோன் 52, மாதவிலக்கு மாதந்தோறும். 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை முழுக்க இயல்புக்குக் கொண்டுவர முயலவில்லை. முயன்றால் ஸ்டீராய்டு அளவு மிஞ்சி எடையும் எலும்பும் கெடும்.

மருந்துக்கு முன் அறுவை என்றால் இரண்டு தீமை. ஹார்மோன் கட்டுக்குள் இல்லாத உடம்பில் மயக்க மருந்து அபாயம். கிளிட்டோரிஸின் மீதமுள்ள பகுதியும் வீங்கிய நிலையிலேயே அளவிடப்படும். மூன்று மாதத்தில் அந்தப் பெருக்கம் குறைந்தது. "இதை இன்னும் சின்னதாக்க முடியுமா" என்று முதலில் கேட்டவர், பிறகு கேட்கவில்லை. மீண்டும் குறைக்கும் அறுவை கூடாது என்பதே ஆலோசனை. எஞ்சிய நரம்பையும் பணயம் வைத்துத் தோற்றம் வாங்க வேண்டியதில்லை.

யோனி வாய்க்கு டைலேட்டர் (வாயைப் படிப்படியாக விரிக்க உள்ளே வைக்கும் கோல்) மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. கத்தி படாத, நெகிழ்வான திசுவில் டைலேட்டரே முதல் சிகிச்சை. இங்கே இருப்பது 8 மி.மீ. தடிமனுள்ள தழும்பு வளையம். அதை அழுத்தினால் வலி, கீறல், கீறலில் புதுத் தழும்பு. ஆகவே பெரினிய மடல் அறுவை.

நாலு மாதத்தில் கல்யாணம், அதற்குள் முடித்துவிட முடியுமா என்று அம்மா கேட்டார். அறுவைக்குப்பின் டைலேட்டரைத் தினமும் தன் கையால் பயன்படுத்த அந்தப் பெண் மனத்தளவில் எப்போது தயாரோ அப்போதுதான் தேதி. முகூர்த்தம் பார்த்து வைக்கிற தேதி அல்ல. டைலேட்டர் வைக்காவிட்டால் ஆறே வாரத்தில் வாய் மறுபடி இறுகும். அவரே பையனிடம் பேசினார். என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று உளவியலாளரோடு மூன்று அமர்வு பேசியபின் பேசினார். கல்யாணம் ஒன்பது மாதம் தள்ளிப்போனது.

அறுவை நடந்த விதம்: மயக்கம் தொடங்கும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில், அடுத்த 24 மணி நேரத்தில் 200 மி.கி. தொடர் சொட்டாக. வாயால் சாப்பிடத் தொடங்கியதும் 48 மணி நேரம் வழக்கமான அளவின் இரட்டிப்பு, பிறகு பழைய அளவு. முதலில் சிஸ்டாஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) விட்டுச் சிறுநீர்ப்புழையின் வாயையும் சிறுநீர்ப்பை கழுத்தையும் பார்த்து, கதீட்டர் போட்டு அடையாளப்படுத்தியாயிற்று. இந்தப் படியைத் தாண்டினால் வளையத்தை வெட்டும்போது புழை கிழிய வாய்ப்பு. பிறகு பெரினியத்தில் தலைகீழ் 'ப' வடிவ மடல், அடிப்பகுதி 3 செ.மீ. அகலம், நீளம் 4 செ.மீ.க்குள். வளையத்தைப் பின்பக்கம் நடுக்கோட்டில் மட்டும், மேலே மெத்தென்ற நல்ல சவ்வு வரும்வரை வெட்டி, மடலின் நுனியை அந்தச் சவ்வோடு 4-0 கரையும் நூலால் தனித்தனித் தையலாக இணைத்தார்கள். தொடர் தையல் போட்டால் மறுபடி வளையம். முடிவில் ஹேகார் 24 தடையின்றிச் சென்றது. கட்டியைப் பக்கவாட்டில் சிறு கீறலில், 11 மணியும் 1 மணியும் தொடாமல், கூட்டோடு எடுத்தார்கள்.

எங்கே தவறும்: மடல் நீளமாகவோ அடி குறுகலாகவோ இருந்தால் நுனி கறுத்து அழுகும். முடி வளரும் தோலை உள்ளே திருப்பினால் உள்ளே முடி வளர்ந்து, பின்னால் அதற்குத் தீர்வே கிடைக்காது. கோடு போடும்போதே முடி எல்லையைப் பார்த்துவிட வேண்டும். நீண்டகால ஸ்டீராய்டால் தோல் மெலிந்தவர்களுக்குத் தையல் பிரியும். மேல்பகுதியிலும் குழாய் குறுகியிருந்தால் மடல் எட்டாது, கன்னத்து உட்சவ்வை எடுத்து ஒட்டவேண்டி வரும்.

கதீட்டர் ஐந்தாம் நாள் எடுக்கப்பட்டது. மூன்றாம் வாரம் டைலேட்டர் தொடக்கம்: 16 மி.மீ.யில் ஆரம்பித்து, நீர்ப்பசை தடவி, நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம். வலி இல்லாமல் ஒரு வாரம் போனால்தான் அடுத்த அளவு. முதல் பத்து நாள் செவிலியர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். வெற்றியில் பாதிப் பங்கு அந்த அழைப்புகளுக்கு. வீட்டில் தனி அறை இல்லாததால் குளியலறையில் வைக்க வேண்டியிருந்ததையும், கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததையும் அந்த அழைப்புகளில்தான் அறிய முடிந்தது. அம்மாவிடம் பேசி நேரம் ஒதுக்கினார்கள்.

ஓராண்டில் ஹேகார் 26 வலியின்றிச் சென்றது. கசிவு பெரிதும் குறைவு, சிறுநீர்த் தொற்று ஒன்றுமில்லை, மாதவிலக்கு வலி குறைந்து ஐந்து நாளில் முடிகிறது. உடலுறவு தொடக்கத்தில் வலித்தது, இப்போது முடிகிறது. கிளிட்டோரிஸ் நுனியின் உணர்வில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் வராது என்று அறுவைக்கு முன்பே அவரிடம் சொல்லியாயிற்று.

சட்டம் நிற்கும் இடம்

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது: இடைப்பாலினக் குழந்தைகளுக்கு உயிராபத்து உள்ள நிலையைத் தவிர இத்தகைய அறுவை கூடாது. இந்தியாவில் முதல்முறையாக எழுந்த தடை இது. இந்தக் குறைபாட்டில் உயிராபத்து இருப்பது உப்பில், உறுப்பின் தோற்றத்தில் அல்ல. 12ஆம் நாளில் குழந்தையைக் கொல்ல வந்தது சோடியம் 118. அதற்கு மருந்து ஹைட்ரோகார்ட்டிசோனும் உப்பும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் அந்த ஆபத்தை முன்பே தடுக்கலாம். கத்திக்குக் கொடுத்த அவசரத்தை இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பெண்ணாக வளர்த்த இக்குழந்தைகளில் பெரும்பாலோர் பெண் அடையாளத்தோடுதான் வளர்கிறார்கள். 2005இல் 250 பேரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வில் 94.8 விழுக்காடு அப்படி. மீதி 5.2 விழுக்காட்டினர் தம் பாலினத்தில் தீவிரத் தடுமாற்றம் உடையவர்கள். அந்த 13 பேரில் யாருக்காவது குழந்தையிலேயே உறுப்பைக் குறைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அறுவையாலும் முடியாது.

குழந்தைப்பேறு

1987இல் பால்ட்டிமோரிலிருந்து வெளியான 80 பெண்களின் ஆய்வில் உப்பிழப்பு வகையினருக்குக் கருத்தரிப்பு மிகக் குறைவு. யோனி வாய் போதாமையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2009இல் லண்டனிலிருந்து வந்த கணக்கில் முயன்ற 23 பேரில் 21 பேர் கருத்தரித்தார்கள். மருந்து ஒழுங்கும் சரியான வாயும் இருந்தால் கருப்பை தன் வேலையைச் செய்யும்.

மரபணுக் கணக்கு இவருக்கு முக்கியம். இவருடைய இரண்டு பிரதியும் பழுது, ஆகவே குழந்தைக்கு ஒன்று உறுதியாகப் போகும். அம்மா ஒரு பிரதியைச் சுமப்பவர், அவருடைய அண்ணன் தம்பி சுமக்க வாய்ப்பு 2இல் 1, அவர்களுடைய மகனுக்கு 4இல் 1, அவனுடைய குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு 8இல் 1. தாய்மாமனையே மணந்திருந்தால் 4இல் 1. உறவல்லாத ஒருவர் சுமப்பவராக இருப்பது 60இல் 1 என்று கொண்டால் 120இல் 1. முதலில் இவருடைய மரபணுவில் எந்தப் பழுது என்று கண்டறிந்து, பிறகு அதே பழுது கணவருக்கு உண்டா என்று தேடினார்கள். அருகிலேயே அச்சு அசலாக ஒரு செயலற்ற போலி மரபணு இருப்பதால், இதில் பழகிய ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும். கணவரிடம் அந்தப் பழுது இல்லை.

கருத்தரிக்க முயலும் சுழற்சியின் முதல் பாதியில் புரோஜெஸ்டிரோன் 0.6 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே இருக்கும்படி மருந்து சரிசெய்யப்படுகிறது. டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பதால் கர்ப்பத்தில் ஹைட்ரோகார்ட்டிசோனே. புதுமடல் கிழியாதிருக்க சிசேரியன், அதற்கும் அறுவைக்குக் கொடுத்த அதே 100 மி.கி., 200 மி.கி. கணக்கு. பிறக்கும் குழந்தைக்கு 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையே குதிகால் இரத்தத்தில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் பார்க்க வேண்டும் என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, நகலை அவரிடமே கொடுத்தாயிற்று.